மில்லிமீட்டர் விட்டுவைத்த இடம்

மரக்கிடங்கின் அலுவலகத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது காலை மணி பத்து. வெயில் சுள்ளென்று அடித்தது. தோளில் தூரிகைப் பை, கையில் நிறம் கலக்கும் பீங்கான் தட்டுகள், அவற்றைச் சுற்றி ஒரு பழைய துண்டு. பேய்க்கதை தொடங்க இது ஏற்ற நேரமில்லைதான். ஆனால் இந்தக் கதையில் வருகிறவர் உயிரோடு இருந்த காலத்திலேயே பத்து மணிக்கு முன்னும் ஐந்து மணிக்குப் பின்னும் பேனாவைத் தொடாதவர். செத்த பிறகு பழக்கத்தை மாற்றிக்கொள்ள அவருக்கு ஒரு முகாந்திரமும் இல்லை.

"யாரைப் பார்க்கணும்?" என்றார் வாசல் காவல்காரர்.

"படத்தைப் பார்க்கணும்."

அவர் நிமிர்ந்தார். "அடடே, மில்லிமீட்டர் வீட்டம்மாவா?" என்று எழுந்து நின்றார். நின்ற பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

மில்லிமீட்டர் என்பது அச்சகங்கள் அவள் கணவருக்கு வைத்த பெயர். இயந்திரங்களைக் கோட்டுச் சித்திரமாக வரைவது அவர் தொழில். ஒரு சக்கரத்தில் பத்து போல்ட் இருந்தால் படத்திலும் பத்து இருக்கும். அதில் ஒன்று தேய்ந்திருந்தால் தேய்ந்திருக்கும். கண்ணால் பார்க்காத எதையும் வரைய மாட்டார். "அந்தப் பக்கமும் இப்படித்தான் இருக்கும், சும்மா போடுங்க சார்" என்று சொன்ன அச்சக முதலாளியோடு ஐந்து வருடம் பேசாமல் இருந்திருக்கிறார்.

அவர் கோடு போடுவார், அவள் நிறம் தீட்டுவாள். பத்தொன்பது வருடமாக அப்படித்தான். எந்த இடத்தில் என்ன நிறம் என்று ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பென்சிலால் பொடி எழுத்தில் குறிப்பு எழுதி வைப்பார். அவள் படித்து, மனதில் வாங்கிக்கொண்டு, அழித்துவிட்டு, அதன்மேல் நிறம் வைப்பாள். அழிக்காமல் வைத்தால் நீர்வண்ணத்துக்கு அடியில் பென்சில் அப்படியே தங்கிவிடும், ஆயுசுக்கும் போகாது. படத்தின் மூலையில் கையெழுத்து அவருடையது மட்டும்தான். "நிறத்துக்கு யாராவது கையெழுத்துப் போடுவாங்களா?" என்று ஒருமுறை கேட்டார். கிண்டலாக இல்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

அவர் போய் ஏழு மாதம் ஆகிறது. அதுவும் இதே கிடங்கில்தான்.

மாடி அறையில் அண்ணன் காத்திருந்தான். அவளுடைய சொந்த அண்ணன், கிடங்கின் சூப்பர்வைசர். அவனுக்குப் பக்கத்தில் முதலாளி. அவருக்குப் பின்னால், சுவர் நீளத்துக்கு ஒரு பலகையில், படம்.

மரலாரி. ஆறடி நீளம். முன்விளக்கின் கண்ணாடிக் கீறலிலிருந்து பின்சக்கரத்துச் சேறு வரைக்கும் கருப்பு மையில் கோடு கோடாக இருந்தது. முதுகில் பதினேழு மரத்தடிகள். ஒவ்வொரு தடியின் வெட்டு முகத்திலும் வளையங்கள். அவள் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணினால் சரியாகத்தான் இருக்கும்.

"இது வெறும் லாரி இல்லைம்மா," என்றார் முதலாளி. "மனித முயற்சியோட சின்னம்." ஐம்பது வருடமாக மரம் வெட்டும் நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறை அவர். மரங்களின் மேல் அளவில்லாத பாசம் உண்டு. அவர் அறையில் மரங்களின் புகைப்படம் நாற்பது மாட்டியிருந்தார். நாற்பதிலும் மரம் படுத்திருந்தது. "ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கு எட்டு நாள் இருக்கு. அதுக்குள்ள நிறம் தீட்டிக் குடுத்துடுங்க. வரவேற்புக் கூடத்துல, நுழைஞ்சதும் தெரியற மாதிரி மாட்டறோம். கீழே பித்தளைப் பட்டயம். வாசகம் நானே எழுதினது. படிக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல அங்கே யாரும் சம்பளம் வாங்கவில்லை.

"'பாதுகாப்பு விதியை மீறி உயிரிழந்த ஓவியரின் இறுதிப் படைப்பு. கவனமே கவசம்.' எப்படி? நெஞ்சைத் தொடுதில்ல?"

அவள் நெஞ்சைத் தொட்டதா என்று யாரும் பார்க்கவில்லை. அண்ணன் மட்டும் தரையைப் பார்த்தான்.

அவளுக்கு அந்த வாசகத்தில் பெரிய ஆட்சேபம் இருக்கவில்லை என்பதுதான் உண்மை. ஏழு மாதமாக அவளும் அதையே நம்பிக்கொண்டிருந்தாள். கேபினுக்கும் மரத்தடிகளுக்கும் நடுவே ஒரு கை அகலத்துக்கு இடைவெளி உண்டு. அதன் வழியாகப் பார்த்தால், லாரியின் அந்தப் பக்கத்தில் இருக்கும் லிவர் தெரியும். அதைத் தூக்கினால் தடிகளைத் தாங்கி நிற்கும் இந்தப் பக்கத்துத் தூண்கம்பிகள் சாய்ந்து தடிகள் உருண்டு இறங்கும். லிவரைத் தொடுகிறவன் முதலில் லாரியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்க்க வேண்டும். பிறகு மூன்று தடவை கத்த வேண்டும். அதுதான் கிடங்கின் விதி. அன்று முழுப் படமும் முடிந்து, அந்த லிவர் இருக்கும் ஒரு கை அகலம் மட்டும் பாக்கி. அதைப் பார்த்து வர அவர் இந்த மாடி அறையிலிருந்து கீழே இறங்கினார். இடைவெளிக்குள் கைவிட்டு, எப்படி வேலை செய்கிறது என்று அறிய லிவரைத் தானே தூக்கி, உருண்ட தடிகளுக்கு அடியில் சிக்கிக்கொண்டார் என்றது விசாரணை அறிக்கை. பார்த்ததாகச் சாட்சி சொன்னவன் அண்ணன்.

அவர் போன இரண்டாம் நாள் அண்ணன் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய் மேசையில் உட்கார வைத்தான். "அவருக்கு அந்தப் பழக்கம் உண்டுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடும்மா. இல்லைன்னா பழி அந்த லாரி ஓட்டுறவன் தலையில விழும். பாவம், ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க." அவள் எழுதினாள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்து வரைந்ததை எழுதினாள். தையல் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு மூன்று மாதம் சேர்க்காமல் விட்டதை எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். அந்தப் பக்கத்தில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் அதன் வசதி.

ஒரு லிவருக்காக என்னை விட்டுவிட்டுப் போன மனுஷன். ஏழு மாதமாக அவள் அழுத அழுகையெல்லாம் அந்தக் கோபத்தில்தான்.

"அந்தக் காலி இடத்தை என்ன பண்றது?" என்று கேட்டாள்.

"இருட்டா ஏதாவது பூசி விட்டுரும்மா," என்றான் அண்ணன், கொஞ்சம் அவசரமாக.

*

முதல் இரண்டு நாள் கேபினும் சக்கரங்களும். அவருடைய குறிப்புகள் அப்படியே இருந்தன. கதவில், 'ஆரஞ்சு. நீ நினைக்கிற ஆரஞ்சு இல்லை.' சேற்றில், 'மூன்று பழுப்பு. சோம்பல் படாதே.' இருக்கை உறையில், 'கிழிசலுக்குள்ளே மஞ்சள் நுரை. மறந்துவிடுவாய்.' அவள் படித்துக்கொண்டே அழித்தாள். செத்தும் அதிகாரம் குறையவில்லை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். இரண்டாம் நாள் சாயங்காலம், கடைசி முன்சக்கரத்தை முடித்தபோது, ஏழு மாதத்தில் முதல் முறையாகச் சிரிப்புகூட வந்தது.

மூன்றாம் நாள் காலை, காலி இடத்துக்குள் ஒரு குறிப்பு இருந்தது.

'இன்னும் முடியவில்லை. பூசாதே.'

பழைய குறிப்புதான், நாம்தான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தபடியே அழிரப்பரை எடுத்து அழித்தாள். பென்சில் மாவு கையில் ஒட்டியது. திரும்பி ஜன்னலோரம் போய்த் தண்ணீர் மாற்றினாள். கீழே முற்றத்தில் கிரேன் ஒன்று தடிகளைத் தூக்கிக்கொண்டிருந்தது. சங்கிலிச் சத்தம், டீசல் புகை, யாரோ யாரையோ திட்டுவது. எல்லாம் அதனதன் இடத்தில்.

அப்போது சங்கிலிச் சத்தம் நின்றது.

கிரேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் நின்றது, காதில் பஞ்சை அடைத்தது போல. அந்த அமைதிக்குள், அவள் முதுகுக்குப் பின்னால், வேறொரு சத்தம்.

இரும்பு நிப் காகிதத்தில் கீறும் சத்தம்.

பத்தொன்பது வருடம் அந்தச் சத்தத்தோடு ஒரே அறையில் உட்கார்ந்தவள் அவள். ஒரு நீளக் கோடு. ஒரு நிறுத்தம். மைப்புட்டியின் வாயில் நிப்பைத் தட்டும் ஒலி, இரண்டு தடவை. அவர் எப்போதும் இரண்டு தடவைதான் தட்டுவார்.

அவள் திரும்பவில்லை.

பச்சை மரத்தின் பால் வாடை அறையில் ஏறியது. அப்போதுதான் வெட்டிய, ஈரமான, லேசாகப் புளித்த வாடை. அது வெளியிலிருந்து வரவில்லை, ஜன்னல் சாத்தியிருந்தது.

கீறல் நின்றது. கிரேன் சங்கிலி மறுபடி கலகலத்தது. அவள் மெல்லத் திரும்பினாள்.

காலி இடத்தில் லிவர் இருந்தது. கைப்பிடியில் சுற்றிய துணியின் இழைகூடத் தெரிந்தது. அவள் விரலால் தொட்டாள்.

மை ஈரமாக இருந்தது.

*

ஓடிப் போயிருக்கலாம். ஓடவில்லை. அதற்குத் துணிச்சல் என்று பெயர் சூட்டிவிட வேண்டாம். விரலில் மையோடு கீழே இறங்கி, முதலாளியிடம் போய், 'என் புருஷன் மிச்ச வேலையை முடிச்சுக் குடுக்கிறாரு' என்று எப்படிச் சொல்வது? அவர் கைதட்டி, அர்ப்பணிப்பு என்ற தலைப்பில் அதையும் உரையில் சேர்த்துக்கொள்வார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். லிவருக்குள் குறிப்பு இருந்தது: 'துரு. கைப்பிடியில் மட்டும் துரு தேய்ந்து பளபளப்பு.' படித்தாள். அழித்தாள். நிறம் வைத்தாள். வேறென்ன செய்வாள்?

நான்காம் நாள் பத்து மணிக்கு லிவரின்மேல் ஒரு கை வந்தது. ஆண் கை. முழங்கை வரை சுருட்டிய சட்டை. சட்டையில் குறிப்பு: 'நீலம். உனக்குத் தெரிந்த நீலம்.' அவள் நீலம் கலந்தாள். முதல் தடவை சரியாக வரவில்லை. இரண்டாம் தடவை கொஞ்சம் சாம்பல் சேர்த்ததும், அது எந்த நீலம் என்று கைக்குத் தெரிந்துவிட்டது. மனதுக்குத் தெரிய இன்னும் ஒரு நாள் ஆனது. கிடங்கில் முப்பது பேர் நீலச் சட்டை போடுகிறார்கள் என்று அது வாதாடிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் அந்த மணிக்கட்டில் ஒரு கடிகாரம். வார்ப்பட்டையில் குறிப்பு:

'நீ வாங்கிக் கொடுத்தது.'

அண்ணன் சூப்பர்வைசர் ஆனபோது அவள் வாங்கிக் கொடுத்த கடிகாரம்.

தூரிகை கையிலிருந்து விழவில்லை. கதைகளில்தான் விழும். அவள் அதைக் கழுவி, துடைத்து, பையில் வைத்தாள். பிறகு படத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்படியானால் லிவரைத் தூக்கியவர் அவர் இல்லை.

அவர் இந்தப் பக்கம் நின்று, கையை எங்கும் விடாமல், வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மைத்துனன் அந்தப் பக்கம் நின்று லிவரைத் தூக்கினான். தூக்கிவிட்டு, பழியைச் செத்தவர் தலையில் வைத்தான். வைப்பதற்கு ஒரு கை போதாது என்று தங்கையின் கையையும் கடன் வாங்கிக்கொண்டான்.

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றாள் வெற்று அறையிடம். "ஏழு மாசமா உங்களைத் திட்டிட்டே இருந்தேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மரப்பால் வாடை முகத்துக்கு அருகில் வந்தது.

படத்தின் ஓரத்தில், அவள் கண்ணெதிரே, பென்சில் எதுவும் இல்லாமல் பென்சில் எழுத்து ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

'கேட்டாயா?'

*

ஆறாம் நாள் மிச்சமும் வந்தது. நீலச் சட்டைக்காரனின் தோள், கழுத்து, பக்கவாட்டில் திரும்பிய முகம். அவன் லாரியைப் பார்க்கவில்லை, இந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை. பின்னால் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கை லிவரில். இன்னொரு கை நெற்றிக்குப் போயிருந்தது.

சலாம்.

இந்தப் பக்கம் கேபின் கதவில் நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடிக்குள், நகத்தளவில், உள்ளே நுழையும் ஒரு காரின் முகப்பு. நம்பர் பலகையுடன். குறிப்பு: 'வெள்ளை. தாளை அப்படியே விடு.'

அவள் அப்படியே விட்டாள்.

ஏழாம் நாள் சாயங்காலம் அண்ணன் மேலே வந்தான். கையில் இரண்டு டம்ளர் தேநீர். "என்னம்மா, நாளைக்குக் காலையில கீழே இறக்கணும், முடிஞ்சு..."

தேநீர் டம்ளர்களை மெல்ல, ஒரு துளி சிந்தாமல், மேசையில் வைத்தான். அந்த நேரத்திலும் சிந்தாமல் வைத்தான் என்பது அவளுக்கு நெடுநாள் மறக்கவில்லை.

"யார் வரைஞ்சது இது?"

"யார் பார்த்தாங்களோ அவங்க."

"விளையாடாத. நீதானே போட்டே?"

"எனக்கு ஒரு நேர்கோடு போட வராதுன்னு உனக்குத் தெரியாதா அண்ணா?"

அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கடிகாரத்தைத் திருகிக்கொண்டே இருந்தான். "ஒரு நொடிம்மா. ஒரே நொடி. கார் உள்ளே வந்துச்சு. லாரி காலியா நிக்கணும்னு முதலாளி முந்தின நாளே சொல்லியிருந்தார், வெளிநாட்டு ஆளுங்க பார்க்க வர்றாங்கன்னு. அவசரத்துல தூக்கிட்டேன்."

"மூணு தடவை கத்தணும்ல?"

"முதலாளி வர்றப்ப கத்தறதாம்மா?"

அவன் அதை மெய்யாகவே கேட்டான். ஒருவேளை அவள் ஆமாம் என்று சொல்லியிருந்தால், இப்படியும் ஒரு வழி இருந்ததா என்று வியந்திருப்பான்.

"முதலாளியும் பார்த்தாரா?"

"கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். வண்டியைத் திருப்பிட்டுப் போயிட்டார். ஒரு மணி நேரம் கழிச்சு வந்து, அப்பதான் கேள்விப்பட்ட மாதிரி உச்சுக் கொட்டினார். அறிக்கையில அப்படித்தான் இருக்கு." அவன் மூக்கை உறிஞ்சினான். "என்னை என்ன பண்ணச் சொல்றே? வேலை போனா நான் எங்க போவேன்? உன்னை இத்தனை மாசம் பார்த்துக்கிட்டது யாரு? இந்த வேலையை வாங்கிக் குடுத்தது யாரு?"

"நீதான் அண்ணா. எல்லாம் நீதான் குடுத்தே."

"குத்திக் காட்டாதே. எழுதினது யாரு? நான் சொன்னேன், சரி. பேனா உன் கையிலதானே இருந்துச்சு? நான் மாட்டினா நீயும் மாட்டுவே."

சொல்லிவிட்டு எழுந்தான். மேசைமேல் அவள் கணவர் விட்டுப் போயிருந்த மைப்புட்டியைத் திறந்தான். அவள் தடுப்பதற்குள் துண்டை முக்கி, காலி இடம் இருந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தான். கேபினுக்கும் தடிகளுக்கும் நடுவே ஒரு கை அகலத்துக்குக் கருப்பு. கண்ணாடிக்குள்ளும் ஒரு அழுத்து. "முன்னாடியே சொன்னேன்ல, இருட்டா பூசச் சொல்லி," என்றான். அழுதுகொண்டுதான் சொன்னான். அழுகை அவன் கையை நடுங்க வைக்கவில்லை.

அவன் போன பிறகு அவள் கருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நிப் கீறும் சத்தம் எதுவும் இல்லை. மணி ஐந்து ஆகியிருந்தது.

*

மறுநாள் காலை பதினொரு மணிக்கு விழா. வரவேற்புக் கூடம் நிறைந்திருந்தது. லாரி ஓட்டுநர்கள், கிரேன்காரர், கணக்குப் பிரிவு, எழுத்துப் பிரிவு, யாரென்று யாருக்கும் தெரியாத நான்கு முக்கியஸ்தர்கள். படத்தின்மேல் சிவப்புத் துணி. கீழே பளபளக்கும் பட்டயம்.

முதலாளி பதினோரு பக்கம் பேசினார். முதல் மூன்று பக்கம் மரம். அடுத்த ஐந்து பக்கம் அவருடைய அப்பா. ஒன்பதாம் பக்கத்தில் துணியை இழுத்தார். பத்தாம் பக்கத்தைப் படத்தைப் பார்க்காமலேயே படித்தார். அவர் எப்போதும் தாளைப் பார்த்துத்தான் உணர்ச்சிவசப்படுவார்.

கூடத்தில் சளசளப்பு நின்றது.

கருப்பு இல்லை.

துடைத்த தடம்கூட இல்லை. இடைவெளிக்குள் நீலச் சட்டை இருந்தது. லிவரில் கை இருந்தது. நெற்றியில் கை இருந்தது. அவள் தீட்டிய நிறங்கள் அப்படியே இருந்தன.

முகம் மட்டும் மாறியிருந்தது.

நேற்று வாசலைப் பார்த்திருந்த முகம், இன்று கூடத்தைப் பார்த்தது.

முன்வரிசையில் அண்ணன் கடிகாரம் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

சபை தன் உரையில் உறைந்துவிட்டது என்று நினைத்த முதலாளி, மகிழ்ந்துபோய் முதல் முறையாகப் படத்தின் பக்கம் திரும்பினார். மேலிருந்து கீழாக, ஒரு பண்டிதரின் தோரணையில் பார்த்தார். லாரியைப் பார்த்தார். தடிகளைப் பார்த்தார். ஆறடிப் படத்தில் நகத்தளவு இருந்த ஒன்றில் அவர் கண் நின்றது.

"அட! இது நம்ம கார் இல்ல?" என்றார் ஒலிபெருக்கியில். "நம்பர்கூடச் சரியா இருக்கு பாருங்க! என்ன, கொஞ்சம் சின்னதாப் போட்டுட்டார்."

ஒரு முக்கியஸ்தர் கைதட்டினார். பழக்கதோஷம்.

பின்வரிசையிலிருந்து கிரேன்காரர் எழுந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் தொப்பியைக் கசக்கினார். "ஐயா, அவர் பார்க்காததை வரைய மாட்டார்னு எல்லாருக்கும் தெரியும். அப்ப... அன்னைக்கு நீங்க வந்துட்டுதான் இருந்தீங்களா? அறிக்கையில ஒரு மணி நேரம் கழிச்சுன்னு இருந்துச்சே."

முதலாளி பதினோராம் பக்கத்தைத் தேடினார். அதில் இதற்குப் பதில் இல்லை.

அவள் எழுந்தாள். "விதியை மீறினது என் வீட்டுக்காரர் இல்லை," என்றாள். "அவருக்கு அந்தப் பழக்கம் உண்டுன்னு எழுதிக் குடுத்தது நான். அவர் அன்னைக்கு எதையும் தொடலை. தெரியாம எழுதினேன். அந்தப் பட்டயத்தைக் கழட்டுங்க."

லாரி ஓட்டுநர் முன்னால் வந்தார், அந்த ரெண்டு பொம்பளப் பிள்ளைகளின் அப்பா. பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் எடுத்துப் பட்டயத்தைக் கழற்ற ஆரம்பித்தார். "அன்னைக்கு நான் கேபின்லதான் இருந்தேன்," என்றார் திருகிக்கொண்டே, யாரையும் பார்க்காமல். "ஒருத்தரும் கத்தலை. நான் சொன்னதை எழுதிக்கவே இல்லை." நான்கு திருகாணிகள். ஒவ்வொன்றும் தரையில் விழுந்த சத்தம் தனித்தனியாகக் கேட்டது.

*

விசாரணை மறுபடி திறந்தது. அண்ணன் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டான். முதலாளி உடல்நலக் காரணங்களால் வெளிநாடு போனார். அவருடைய உடல்நலம் எப்போதும் சமயம் அறிந்து நடந்துகொள்ளும். அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டு, "சொந்த அண்ணனையே காட்டிக் குடுத்துட்டியே, உனக்கு நல்ல சாவு வருமா?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானதாக இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை.

கூடத்தில் யாரும் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார மாட்டேன் என்றதால், அதை அவள் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். நான்கு பேர் தூக்கி வந்து முன்னறையில் வைத்தார்கள். அண்ணனின் முகம் அவளையே பார்த்தது. அவர்கள் போகும் முன் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைக்கச் சொன்னாள். பலகையைக் கழற்றியிருந்ததால் தாளின் பின்பக்கம் தெரிந்தது. வெறும் வெள்ளை.

அவர் பெயர் சுத்தமாகிவிட்டது. இனி நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தாள். அன்று வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

காலையில் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தெருவில் காய்கறி வண்டி போனது. பக்கத்து வீட்டில் வானொலி.

வானொலி நின்றது.

குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

முன்னறையில் நிப் கீறியது.

அவள் ஈரக்கையோடு வந்து நின்றாள். மணி பத்து.

வெள்ளைப் பின்பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கருப்பு மையில், ஆறடி நீளத் தாளின் நட்டநடுவில். முன்னால் ஒரு மேசை. மேசையில் ஒரு தாள். அவள் அதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆடையின் ஒவ்வொரு மடிப்பும் இருந்தது. நெற்றியில் கலைந்த முடி, விரலின் நகக்கண்ணில் காய்ந்திருந்த நிறம், எல்லாம் இருந்தது. மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்து வரைந்த படம். அந்த நாற்காலி அன்று காலியாகத்தான் இருந்தது. அவர் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

குறிப்புகள் பொடி எழுத்தில் இருந்தன. ஆடையில், 'சாம்பல். தோள் பக்கம் கண்ணீர் பட்ட கறை.' மேசையில், 'தேக்கு. உன் அண்ணன் கிடங்கிலிருந்து எடுத்துப் போனது.' தாளில், 'வெள்ளை. ஒரு பொய்யும் இல்லை.' பேனாவில், 'என்னுடையது.'

அவள் அதுவரை அதைக் கவனித்திருக்கவில்லை. ஆமாம். அவருடைய பேனாவால்தான் எழுதினாள்.

முகத்தில் கோடுகள் இருந்தன. குறிப்பு இல்லை. பத்தொன்பது வருடத்தில் ஒரு கட்டத்தைக்கூட அவர் குறிப்பில்லாமல் விட்டதில்லை.

"என்ன நிறம்?" என்று கேட்டாள். இந்த முறை கேட்டாள். "சொல்லுங்க. என்ன நிறம் வைக்கட்டும்?"

பச்சை மரத்தின் வாடை.

தாளில் எதுவும் வரவில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்கு வெகு அருகில், காதுக்குப் பின்னால், யாரோ பொறுமையாக எதையோ சீவும் சத்தம் கேட்டது.

ஒரு பென்சில் சுருள், மெல்லச் சுழன்று, அவள் தோளில் வந்து விழுந்தது.